அடிப்பக்கத்துக்கு ஒரு வாளி

வண்டிக்குள் கிடந்த ரப்பர் விரிப்பை உருவி வெளியே போட்டுவிட்டு, மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை டிரைவர் சீட்டுக்கு முன்னால் தகரத்தில் வைத்தார். அழுத்தினார் என்றுகூடச் சொல்ல முடியாது. அப்பளத்தில் விரல் இறங்குவதுபோல அது இறங்கியது. உருவி எடுத்ததும் ஓட்டை வழியாகத் தரையில் கிடந்த ஒரு நட்டு தெரிந்தது.

“எஞ்சின் இன்னும் பத்து வருசம் ஓடும் அண்ணாச்சி. அதைத் தாங்குததுக்குத்தான் கீழ ஒண்ணும் இல்ல” என்றார்.

2001ல் அப்பா வாங்கிய மாருதி 800. வெள்ளை நிறம், டி.என். 69. 1983 டிசம்பரில் டெல்லியில் முதல் வண்டியின் சாவி கைமாறியதிலிருந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை, முப்பது வருடம் இந்த நாட்டின் நடுத்தரக் குடும்பங்களைச் சுமந்த வண்டி. எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது, ‘அப்பா வண்டி’தான். அவர் போய் எட்டு வருடமான பிறகும் அப்படித்தான்.

பதிவுக் காலம் 15 வருடம். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். 2016ல் செய்தேன், 2021லும் செய்தேன். அப்போது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். 2025ல், 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்றார்கள். அடுத்த தவணை நெருங்கியதும் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு. “அந்தக் காசுக்கு எக்ஸ்சேஞ்சுல போடுங்க மச்சான்” என்றான் மனைவியின் தம்பி. “வண்டி விலையைவிட ரிப்பேர் விலை கூடிட்டு” என்றார் சித்தப்பா.

சித்தப்பாவின் கணக்குதான் ஊரெல்லாம் போடும் கணக்கு. அது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய வண்டியை விற்றால் என்ன வரும் என்பதோடு ரிப்பேர் செலவை ஒப்பிட்டு என்ன பயன்? அதே பணத்தைக் கொடுத்தால் அடுத்த ஒரு வருடம் என்னைச் சுமக்க வேறு எந்த வண்டி கிடைக்கும் என்றல்லவா பார்க்க வேண்டும்? புது வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே விலையில் ஒரு பங்கை இழக்கிறது. தவணை, வட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால், ஓடுகிற பழைய வண்டிதான் பெரும்பாலும் ஜெயிக்கும். இந்தக் கணக்கைச் சொல்லித்தான் நான் எல்லோர் வாயையும் அடைத்து வைத்திருந்தேன். ஸ்க்ரூடிரைவர் இறங்கும்வரை.

எங்கள் தூத்துக்குடியில் வண்டியைக் கொல்வது எஞ்சின் இல்லை, காற்று. ஊரைச் சுற்றி உப்பளம், கிழக்கே கடல். கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் தகரத்தில் ஒட்டி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. உப்பு கரைந்த ஈரத்தில் இரும்பு வெறும் தண்ணீரில் துருப்பிடிப்பதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அதுவும் வெளியே தெரியும் பெயிண்டில் தொடங்காது. கதவின் அடிவிளிம்பு, இரண்டு தகடுகள் சேரும் இணைப்பு, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு என்று, சேறும் உப்பும் தங்கும் இடங்களில் உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். பெயிண்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். இதே மாவட்டத்துக் கோவில்பட்டியில், கரிசல் காட்டு வெயிலில் ஓடிய இதே வயது வண்டிக்கு அடித்தகடு பெரும்பாலும் திடமாக இருக்கும்.

அப்பாவுக்கு இது தெரியும். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் குமாஸ்தா. தினமும் உப்பளங்களுக்கு நடுவே போகும் ரோட்டில்தான் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்காருவார். ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு செம்பு. மேலே ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். செம்புத் தண்ணீரெல்லாம் அடிப்பக்கத்துக்கு. சக்கர வளைவுக்குள் வீசி அடிப்பார், கதவின் அடியில் கைவிட்டு அடைப்பை நோண்டி எடுப்பார். குழாயில் தண்ணீர் வருவதே திருவிழாவாக இருந்த காலம். “குடிக்கத் தண்ணி இல்ல, இவரு காருக்குக் கால் கழுவி விடுதாரு” என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள்.

அவர் போன பிறகு வண்டியை நான் அவரைவிட நன்றாக வைத்திருந்ததாக நினைத்தேன். பாலிஷ் போட்டேன். சீட்டுக்குப் புது உறை தைத்தேன். அவர் மாட்டிய பனிமய மாதா படம் கண்ணாடியில் அப்படியே தொங்கியது. வெயில் படாமல் இருக்கத் தடித்த தார்ப்பாயால் மூடி வைத்தேன். அந்தத் தார்ப்பாய்க்குள் ஈரக்காற்று நுழைந்து வெளியேற வழியில்லாமல் தங்கியது. அடிப்பக்கத்துக்கு ஒரு செம்புத் தண்ணீர்கூட நான் ஊற்றவில்லை.

இந்த ஊருக்குப் பழசை வைத்துக்கொள்ளத் தெரியும். பழைய துறைமுகத்தின் மரத்தோணிகளைப் பாருங்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போன தோணிகள், கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஓய்வெடுக்கும். அப்போது ஓடாவி வருவார், தோணி கட்டும் தச்சர். பெயிண்டைப் பார்க்கமாட்டார். சுத்தியலால் பலகையைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல மரத்துக்கு ஒரு சத்தம், உளுத்த மரத்துக்கு ஒரு சத்தம். சத்தம் மாறும் இடத்தில் பலகையைக் கழற்றிப் புதுப்பலகை வைப்பார்கள். இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள். இப்படிப் பத்திருபது வருடம் போனால் பாதி மரம் மாறியிருக்கும், தோணி அதே பெயரில் கடலில் நிற்கும். அதே ஓடாவிதான் ஒருநாள், அடிமரமே போய்விட்டது, இனிக் கட்டிப் பயனில்லை என்றும் சொல்வார். இரண்டையும் சொல்லும் தகுதி அந்தச் சுத்தியலுக்கு உண்டு.

முத்துக்கும் இதே கதை. மன்னார் வளைகுடாவின் கடலடிப் பாறைத் திட்டுகளான முத்துப் பார்களில் சிப்பி வளர்ந்து, முத்து விலைபோகும் அளவுக்கு வர நாலைந்து வருடம் ஆகும். அவசரப்பட்டு எடுத்தால் முத்து பொடியாக இருக்கும். இன்னும் பெரிதாகட்டும் என்று விட்டால், ஓரிரு வருடத்தில் சிப்பி மூப்படைந்து செத்து, வாய் பிளந்து, முத்து மணலோடு போய்விடும். அதனால் சலாபம் என்னும் முத்துக்குளிப்புக்கு முன் பார் பார்ப்பார்கள். குளிகாரர்களை இறக்கி, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தைச் சலித்துத் தரம் பிரித்து மதிப்பிடுவார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வருடம் குளிப்பா, காத்திருப்பா என்ற பேச்சு. போன சலாபத்தில் எவ்வளவு வந்தது என்ற பெருமையை வைத்து யாரும் முடிவு செய்ததில்லை. 1961க்குப் பிறகு இங்கே அப்படி ஒரு சலாபம் நடக்கவில்லை.

ஓடாவியும் பார் பார்த்தவர்களும் பழசின்மேல் பாசம் இல்லாதவர்களா? தோணியைப் பெற்ற பிள்ளைபோலப் பேசுவார்கள், கடலை அம்மா என்பார்கள். ஆனால் அவர்களின் பாசம் கீழே இறங்கிப் பார்த்தது. என்னுடையது மேலேயே நின்றுவிட்டது. வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று பல வருடம் வாதாடிய நான், கீழே என்ன இருக்கிறது என்று ஒருமுறையும் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் முடிவு செய்ய வேண்டிவரும் என்ற பயம். அந்தப் பயத்துக்குத்தான் ‘அப்பா ஞாபகம்’ என்று பெயர் வைத்திருந்தேன்.

மெக்கானிக் கடை பெஞ்சில் டீயோடு உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. அப்பா எனக்கு விட்டுப்போனவை இரண்டு. ஒன்று வண்டி. இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை வாளி. முதலாவதைப் பொத்தி வைத்து, இரண்டாவதைத் தொலைத்தேன். அதனால் முதலாவதும் போயிற்று. ஒரு பொருளை நமக்கு விட்டுச் செல்கிறவர்கள் அதைக் கவனித்த விதத்தையும் சேர்த்தே விட்டுச் செல்கிறார்கள். பொருள் என்றைக்காவது துருப்பிடிக்கும். கவனிப்பு, செய்கிற கை இருக்கும்வரை துருப்பிடிப்பதில்லை. சிப்பி சாவதற்குள் முத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை முத்துக்குளித்துறையில் பிறந்தவன் இவ்வளவு தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

வண்டியை முறைப்படி உடைப்புக்குக் கொடுத்தேன். மாதா படத்தை மட்டும் கழற்றிக்கொண்டேன். ஐந்து வருடம் ஓடிய ஒரு வண்டியை வாங்கினேன். வாங்குவதற்கு முன் சட்டையைக் கழற்றிவிட்டு அதன் அடியில் படுத்து, ஓடாவி மாதிரி விரலால் தட்டிப் பார்த்தேன். விற்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, அதே வாளி, அதே செம்பு. குத்தவைத்து உட்கார்ந்து சக்கர வளைவுக்குள் முதல் செம்பை வீசினேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது:

“குடிக்கத் தண்ணி இல்ல...”