வாய்மூடி விற்றல் அறமாகுமா?

விற்றவன் பொய் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை. வாங்கியவன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பொருளைக் கொண்டு சென்றான். பின்னர்க் கேடு வெளிப்பட்டது. குற்றம் எவர்மேல்? இக்கேள்வி மிகப் பழையது. ஆயினும் ஒவ்வொரு தலைமுறையும் இதற்குத் தானே விடை காண வேண்டியிருக்கிறது. நம் காலத்தில் இது கைப்பேசியின் வழியே, பழைய சைக்கிள் ஒன்றின் உருவில் வந்து நிற்கிறது. அற்பப் பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சி ஏன் என்று அன்பர்கள் எண்ண வேண்டா. நம்மில் பெரும்பாலோர் கோடிக்கணக்கான பொருளைக் கையாளப் போவதில்லை. நம் ஒழுக்கம் சோதிக்கப்படுவதெல்லாம் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் கைமாறும் இடங்களிலேதான்.

முற்காலத்தில் பழைய சைக்கிள் பெரும்பாலும் அறிந்தவர்களுக்குள்ளேயே கைமாறிற்று. ஆலைத் தொழிலாளிக்கு ஒரு ஹெர்குலிஸ் அல்லது பி.எஸ்.ஏ. வண்டி என்பது பல மாதச் சேமிப்பு. அதன் வரலாற்றைத் தெருமுனையில் இருந்த வாடகைச் சைக்கிள் கடைக்காரர் அறிவார். எப்போது போர்க் மாற்றியது, எத்தனை முறை சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தது, எப்போது ஓவராயில் செய்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஏமாற்றி விற்றவன் மறுநாள் சங்கு ஊதும்போது அதே ஆலைவாசலில் வாங்கியவன் முகத்தில் விழித்தாக வேண்டும். அந்த நாணமே அன்று காவலாக நின்றது.

இன்று ஓ.எல்.எக்ஸ்., பேஸ்புக் சந்தை போன்ற இணைய விளம்பரங்களில் நான்கு படங்கள், இரண்டு வரிகள், ஒரு விலை. இவ்வளவே வண்டியின் வரலாறு. வைப்பின் கரையிலிருந்து ஒருவர் ரோ-ரோ படகேறிப் போர்ட்டு கொச்சித் துறைக்கு வருகிறார். வண்டியைச் சுற்றிப் பார்க்கிறார். பணம் கைமாறுகிறது. அவர் அடுத்த படகில் திரும்பிவிடுகிறார். விற்றவரும் வாங்கியவரும் இனி ஒருவரையொருவர் காணப் போவதில்லை. நாணம் என்னும் காவல் அங்கே இல்லை. ஆதலின் அது செய்துவந்த வேலையை மனச்சான்று ஏற்றுக்கொள்ள வேண்டியதாகிறது.

மட்டாஞ்சேரி வணிகத்தில் முதிர்ந்த ஊர். 1957இல் தோன்றிய இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் இங்கே யூதத் தெருவில்தான் அமைந்தது. மிளகு வணிகர் ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்று நிறுத்துத் தரம் காண்பர். மிளகை நீரில் இட்டுப் பார்த்தால் கலப்படமான பப்பாளி விதை மேலே மிதந்து தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். பழைய சைக்கிளுக்கு அத்தகைய எளிய சோதனை கிடையாது. கடற்காற்றில் உள்ள உப்பு, பிரேம் குழாயை உட்புறமிருந்தே அரிக்கும்; மேலே பூசிய புது வர்ணம் அதை மறைக்கும். ஏற்றக் காலத்தில் காயல் நீர் வீட்டு முற்றம் வரை ஏறி வரும் இடங்கள் இங்குள்ளன. 2018 ஆகஸ்டில் எறணாகுளம் மாவட்டத்தையே வெள்ளம் சூழ்ந்தது. அவ்வாறு நீரில் நின்ற வண்டியை வெளியே துடைத்துவிடலாம். அச்சுக்குள் இருக்கும் பால்ரஸ் குண்டுகள் துருவேறுவதைப் படம் காட்டாது. எல்லாவற்றிலும் கொடியது முன்போர்க்கின் வேரில் விழுந்த மயிரிழை விரிசல். அதை அறிந்தவன் விற்பவன் ஒருவனே. அது முறியுமானால் ஓட்டுபவன் முகங்குப்புற விழுவான். அப்போது இழப்பு பணத்தோடு நிற்பதில்லை.

"அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை" என்பது விற்பவன் கூறும் சமாதானம். சட்டமும் முதற்பார்வையில் அவன் பக்கமே நிற்பதுபோல் தோன்றும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில், வெறும் மௌனம் பொதுவாக வஞ்சனை ஆகாது என்கிறது. அதனை விளக்கச் சட்டம் இயற்றியோர் ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினர். நோயுள்ளது என்று தெரிந்தே ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான், அதைப்பற்றி வாய் திறவாதிருக்கிறான், அது வஞ்சனையன்று. ஆனால் வாங்குபவள் அண்மையில் பருவம் எய்திய அவன் சொந்த மகளாயிருந்தால், அவளிடம் உண்மையை உரைப்பது அவன் கடமை. அங்கே மௌனம் வஞ்சனையே. அன்றியும், "நீ மறுக்காவிடில் குதிரை நல்லதென்று கொள்வேன்" என்று ஒருவன் கூறும்போது வாய்மூடி நின்றால், அந்த மௌனமும் பேச்சே ஆகும்.

குதிரை போய்ச் சைக்கிள் வந்துவிட்டது, நியாயம் மாறவில்லை. அன்பர்கள் இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். மகளுக்கு மௌனம் ஆகாது என்று சட்டம் ஏன் கருதிற்று? தந்தையை நம்பி நிற்பவள் கேள்வி கேட்க மாட்டாள் என்பதனால் அன்றோ? அவ்வாறாயின், கேட்க இயலாதவர் எவராயினும் அவரும் அந்த மகளின் நிலையிலேதான் நிற்கிறார். கொச்சியில் பழைய சைக்கிளைத் தேடி வருவோருள் வங்காளத்திலிருந்தும், அசாமிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் உழைக்க வந்தோர் பலர். அவர்களுக்கு மலையாளமும் அரைகுறை, தமிழோ தெரியாது. போர்க்கைப் பற்றிக் கேட்கச் சொல்லில்லை. தலையை அசைத்து, விரலால் விலையைக் காட்டி, வண்டியை வாங்கிக்கொண்டு விடியுமுன் வேலைக்கு மிதிப்பவர் அவர். பேச வாயற்றவனிடம் "நீ கேட்கவில்லையே" என்பது நியாயமாகுமா? தாய் தன் ஒரே மகவைக் காப்பதுபோல் எல்லா உயிரிடத்தும் மனம் கொள்க என்பது மைத்திரியைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த போதனை. சட்டம் ஒரு மகளுக்கு அளித்த காவலை, அறம் அயலான் ஒவ்வொருவனுக்கும் அளிக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

இவ்வழக்கை மேல்நாட்டாரும் ஆராய்ந்துள்ளனர். கி.மு. 44இல் ரோமாபுரியின் சிசரோ, கடமைகளைக் குறித்து எழுதிய நூலில் ஒரு வணிகனைக் காட்டுகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒருவன் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னால் வேறு கப்பல்களும் வருகின்றன என்பது அவன் ஒருவனுக்கே தெரியும். அதைச் சொன்னால் விலை இறங்கும். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற அறிஞர், சட்டம் கேட்கும் அளவே போதும் என்கிறார். அவர் மாணாக்கரான ஆன்டிபேட்டர், மனிதர் எல்லாரும் ஒரே குடும்பமாதலின் மறைத்தல் தகாது என்கிறார். சிசரோவின் தீர்ப்பு மாணாக்கர் பக்கமே. தன் ஆதாயத்திற்காக, பிறர் அறிய வேண்டியதை அறியவிடாமல் தடுப்பவன் நேர்மையாளனல்லன் என்பதே அவர் முடிபு.

"ஐயா, நானும் ஏழைதான்; எல்லாக் குற்றத்தையும் சொன்னால் எவன் வாங்குவான்?" என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இருக்கை கிழிந்திருப்பதும், மட்கார்டு நசுங்கியிருப்பதும் கண்ணுக்குத் தெரிவன. அவற்றை ஓத வேண்டியதில்லை. கண்ணுக்குப் படாததும் உடலுக்குத் தீங்கு செய்வதுமான குற்றம் எதுவோ அதைக் கேளாமலே சொல்லுதல் கடன். "தம்பி, முன்போர்க் ஒருமுறை பற்றவைத்தது, மாற்றிவிட்டு ஓட்டு. அதற்காக விலையில் இவ்வளவு குறைத்துக்கொள்" என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? அதனால் குறையும் தொகை விற்பவனுக்கு நட்டமன்று. அது முதலிலேயே அவனுக்குரியதன்று. பஞ்சசீலத்தில் கொடாததைக் கொள்ளாமை என்றும், பொய்யுரையாமை என்றும் இரண்டு உள. மறைத்து விற்பவன் வாயால் பொய் சொல்லாவிடினும், வாங்குபவன் உண்மை அறிந்திருந்தால் கொடுத்திராத பணத்தைக் கொள்கிறான். இரண்டாம் சீலம் அங்கே உடைகிறது.

இனி வாங்குபவன் கடமை. அறத்தின் சுமை முழுவதும் விற்பவன் தோளிலேயே ஏறியிருக்கிறது என்று எண்ணுவது பிழை. சேரிவாணிஜ ஜாதகத்தில் இரு வணிகர் வருகின்றனர். நொடித்துப்போன குடும்பத்துப் பாட்டியும் பேத்தியும் அழுக்கேறிய பழைய கிண்ணம் ஒன்றை எடுத்துக் காட்டி, அதற்கு ஈடாகச் சிறு அணி ஒன்று கேட்கின்றனர். முதல் வணிகன் ஊசியால் கீறிப் பார்த்துப் பொன் என்று அறிகிறான். அறிந்தும், காசு பெறாது என்று வீசியெறிந்து போகிறான், பிறகு வந்து ஒன்றுமில்லாத விலைக்குக் கொள்ளலாம் என்று. அடுத்து வந்த போதிசத்துவர், இது இலட்சம் பெறும், என்னிடம் அவ்வளவு இல்லையே என்று உண்மை கூறி, தம் கையிலிருந்த பணமும் சரக்கும் முழுவதும் கொடுக்கிறார். தராசும் பையும் எட்டுக் காசும் மட்டுமே தமக்கென வைத்துக்கொள்கிறார். ஏமாற்ற எண்ணியவன் திரும்பி வந்து, பொன்னும் போய், நெஞ்சு வெடித்து மாள்கிறான்.

பழம்பொருள் வணிகத்திற்குப் பேர்போன மட்டாஞ்சேரியில் இக்கதைக்குப் பொருள் அதிகம். கணவனை இழந்த ஒரு மூதாட்டி, திண்ணையில் கிடக்கும் வண்டியைப் படமெடுத்துப் பேரன் மூலம் விளம்பரத்தில் இடுகிறாள். அது சேகரிப்போர் தேடி அலையும் பழைய ஆங்கில ராலேயாகவோ ஹம்பராகவோ இருக்கலாம். அவள் கேட்பது இரும்பு விலை. அறிந்தவன் வாய்மூடி அள்ளிச் செல்லலாமா? விற்பவன் மௌனம் குற்றமென்றால் வாங்குபவன் மௌனமும் குற்றமே. உழைத்துப் பெற்ற அறிவுக்கு ஓரளவு ஆதாயம் கொள்வது தவறன்று. எதிரிலிருப்பவளின் அறியாமையையே முதலாக்கிக் கொழுப்பது தவறு.

பேரம் பேசுவதில் பாவமில்லை. இரு தரப்பும் விரும்பி ஒரு விலைக்கு வருவது நல்ல வழக்கமே. ஆனால் தொலைவில் பேசி முடித்த விலையை, வாசலுக்கு வந்து நின்று, பணத்தேவை முகத்தில் தெரிவதைக் கண்டு மறுபடி இறக்குவது பேரமன்று, நெருக்கடியைப் பிழிவது. வருகிறேன் என்றவன் வர வேண்டும். வர இயலாவிடில் ஒரு சொல் அனுப்ப வேண்டும். அரைநாள் கூலியை இழந்து காத்திருப்பவனின் நேரமும் அவன் பொருளே. விற்பவனும் அவ்வாறே. ஒருவருக்கு வாக்குக் கொடுத்தபின் இருநூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதென்று மற்றொருவருக்குத் தள்ளிவிடலாகாது.

திருட்டு வண்டியைக் குறித்தும் சொல்ல வேண்டும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதிப்படி, தனக்கில்லாத உரிமையை ஒருவன் பிறனுக்கு விற்க முடியாது. திருட்டுப் பொருளென்று அறிந்தோ, நம்பக் காரணமிருந்தோ நேர்மையின்றி வாங்குபவனுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. பத்தாயிரம் பெறும் வண்டியை ஆயிரத்துக்கு ஒருவன் நீட்டினால் அவ்விலையே சாட்சி. பெடல் அச்சின் அடியிலோ இருக்கைக் குழாயிலோ பொறித்த எண் அராவப்பட்டிருந்தால் விலகி நிற்க. விற்பவரும் அந்த எண்ணையும், தேதியையும், தொகையையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருதல் நன்று. இதைக் கேட்பது அவமதிப்பன்று; எல்லாரிடமும் ஒரேபடி கேட்க வேண்டும். கிழிந்த சட்டைக்காரனிடம் மட்டும் ரசீது கேட்பதுதான் அவமதிப்பு.

நம்பிக்கை வேறு, ஏமாளித்தனம் வேறு. இராணுவ வீரர் என்று சொல்லி, வண்டியைப் பாராமலே விலைக்கு இசைந்து, பணம் அனுப்புவதாக ஒரு கட்டக்குறிப் படத்தை அனுப்பி இரகசிய எண்ணை இடச் சொல்லும் வஞ்சகர் பலரை ஏய்த்துள்ளனர். யு.பி.ஐ. முறையில் இரகசிய எண் பணம் கொடுப்பதற்கே வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. இதை முதியோருக்கு எடுத்துச் சொல்வதும் தருமமே. பகலில், நால்வர் நடமாடும் இடத்தில், பொருளைப் பார்த்து, ஓட்டி, பிறகே பணம் கொடுப்பதும் பெறுவதும் இருவர்க்கும் காவல்.

அன்பர்களே, பழைய சைக்கிளை விற்கும்போது நாம் இரும்பையும் ரப்பரையும் மட்டும் கைமாற்றவில்லை. ஓர் அயலானின் எலும்பும் பல்லும் அதனோடு செல்கின்றன. நாளை அவ்வண்டி தோப்பும்படிப் பாலத்தில் ஏறும். அவன் பிள்ளை பின்கேரியரில் உட்கார்ந்திருக்கும். அதை நாம் பார்க்க மாட்டோம். பாராத இடத்திலும் அப்பிள்ளைக்குத் தீங்கு வாராதபடி இன்று பேசிவிடுவதே நல்வாழ்க்கை. கேளாமல் சொன்ன உண்மையால் நம் பையில் சில நூறு ரூபாய் குறையலாம். அன்றிரவு உறக்கத்தில் குறைவிராது.