யார் முஸ்லிம் என்று யார் சொல்வது?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர் காத்தான்குடி. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு அங்கு வந்திறங்கிய கமெராக்கள் முதலில் படம்பிடித்தது பிரதான வீதியின் பேரீச்ச மரங்களை. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாசிமின் ஊர் அல்லவா, காரணத்தையும் அங்கேயே நட்டு வைத்திருப்பார்கள் என்ற நினைப்பு. மரத்திடம் விசாரித்து என்ன ஆகப்போகிறது!

விசாரிக்க வேண்டியது அந்த ஊர் நாற்பது ஆண்டுகளாகச் சுமந்த ஒரு கேள்வியை. கலிமாச் சொன்ன ஒருவரை, 'நீ முஸ்லிம் இல்லை' என்று தள்ளிவைக்க இன்னொரு மனிதருக்கு அதிகாரம் உண்டா?

1979இல் அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா ஒரு பத்வா வழங்கியது. காத்தான்குடி அப்துர் ரஊப் மௌலவி 'வஹ்ததுல் வுஜூத்' பேசுகிறார். ஆகவே அவரும் அதை ஏற்றவர்களும் முர்தத், இஸ்லாத்தை விட்டு வெளியேறியவர்கள். இருப்பதெல்லாம் இறைவனின் இருப்பே என்ற இந்தத் தத்துவம் இப்னு அரபியின் பெயரோடு பேசப்படுவது. அதை மறுத்தவர்களின் வரிசையும் நீளமானதுதான். கிதாபுகளுக்குள் நடந்தவரை அது வாதம். காத்தான்குடியில் அது தெருவுக்கு இறங்கியது. 2004இல் ரஊப் மௌலவியின் ஆதரவாளர்கள் தாக்கப்பட்டார்கள். 2006 டிசம்பரில் பயில்வான் என்று அறியப்பட்ட இன்னொரு சூபித் தலைவர் காலமானபோது, அடக்கிய மையித்தைத் தோண்டி எடுக்கும்வரை எதிர்ப்பு ஓயவில்லை.

இதே ஊரில்தான் 1990 ஆகஸ்ட் 3 இரவு, விடுதலைப் புலிகள் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் புகுந்து தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் சூபித் தரீக்காவா, அதை எதிர்க்கும் தவ்ஹீதா என்று கேட்கவில்லை.

ஒரு முஸ்லிமை காஃபிர், அதாவது இறைமறுப்பாளர், என்று தீர்ப்பிடும் தக்ஃபீரை சஹ்ரான் கண்டுபிடிக்கவில்லை. கி.பி. 661இல் கலீபா அலியைக் கொன்றவன் ஒரு காரிஜி. பெரும்பாவம் செய்தவர் காஃபிர் என்பது அந்தக் கூட்டத்தாரின் வாதம். உள்ளத்தின் தீர்ப்பை மறுமைக்கு விட்டுவிடுவோம் என்று எதிர்வாதம் செய்தவர்களும் அன்றே இருந்தார்கள். இமாம் கஸ்ஸாலி தக்ஃபீருக்கு வரம்பு வகுக்கத் தனி நூலே எழுதினார். அத்தனை பெரிய விவாதத்தில் சஹ்ரான் எடுத்துக்கொண்டது ஒரு ஓரத்தை மட்டும். அரபுக் கல்லூரி அவரை வெளியேற்றியது; தவ்ஹீத்காரர்களோடும் ஒத்துப்போகவில்லை. 2017 மார்ச்சில் ரஊப் மௌலவியின் ஆதரவாளர்களோடு நடந்த மோதலுக்குப் பின் தலைமறைவானார். அவரைப் பற்றிப் பொலிஸில் முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்களே.

அரசுக்கோ புலிகளைத் தேடிப் பழகிய கண். 2018 நவம்பரில் வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டபோது முன்னாள் போராளி ஒருவர் கைதானார். கொன்றது சஹ்ரானின் ஆட்கள் என்பது ஈஸ்டர் அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் சிதறிய பிறகுதான் தெரியவந்தது. நாடு முழுவதும் அன்று 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குண்டுதாரிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று அறிவித்ததும் ஜம்இய்யதுல் உலமாதான். அதைக் குறை சொல்ல முடியாது. 1979 பத்வாவை ஏற்ற எல்லோரும் கல்லெடுக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் இரண்டும் ஒரே வகைத் தீர்ப்பல்ல. 2019இல் விலக்கியது ஊரறியச் செய்த ஒரு கொலையை; 1979இல் விலக்கியது இறைவனைப் பற்றி ஒரு மௌலவி நினைத்ததை. முதலாவதற்குச் சாட்சி வைக்கலாம். இரண்டாவதற்கு எவரைச் சாட்சியாக அழைப்பது?