உடை மாற்றும் அறையில் நம் பிள்ளைகள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



கோடை விடுமுறை. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கமெல்லாம் பிள்ளைகள் நீச்சல் பழகப் போகிறார்கள். அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் கேட்டார்: "ஹஜ்ரத், என் அஞ்சு வயசு மகளை நான்தான் கூட்டிட்டுப் போறேன். பெண்கள் அறைக்குள்ள நான் போக முடியாது. ஆண்கள் அறைக்கு அவளைக் கூட்டிட்டுப் போக மனசு வரல. என்ன செய்யட்டும்?"

இது சின்னக் கேள்வி அல்ல. பிள்ளையின் வெட்கமும் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கின்றன.

சூரா அந்நூர் 58ஆம் வசனத்தைப் பாருங்கள். ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை களையும் நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களிலும், பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறான் அல்லாஹ். பெற்றோரின் அறைக்கே இந்த ஒழுங்கு என்றால், அந்நியர் உடை மாற்றும் இடத்திற்கு?

அதே சூராவின் 31ஆம் வசனம், பெண்களின் மறைவிடங்களைப் பற்றி அறியாத சிறு பிள்ளைகளுக்குச் சலுகை தருகிறது. ஆகவே அளவுகோல் விபரம் தெரிவதுதான். ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் படுக்கையைப் பிரியுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். விபரம் தெரியும் வயது ஏறக்குறைய ஏழு என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் பலரின் கருத்து. சில பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

அந்தச் சகோதரருக்குச் சொன்னேன்: மகளைத் தனியாக அனுப்பாதீர்கள். வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத பெண்ணிடமும் ஒப்படைக்காதீர்கள். வீட்டிலேயே நீச்சல் உடை அணிவித்து, மேலே ஒரு உடையைப் போட்டுக் கூட்டிச் செல்லுங்கள். திரும்பும்போது கதவுள்ள தனி அறை கேளுங்கள். வேறு வழியே இல்லையென்றால், அறை காலியாகும்வரை காத்திருந்து, நீங்களே உடன் இருந்து மாற்றிவிடுங்கள்.

தாய்மார்களே! தாம்பரம் சண்முகம் சாலையில் துணி எடுக்கப் போகிறீர்கள். எட்டு வயது மகனைப் பெண்கள் ட்ரையல் ரூம் பக்கம் அழைத்துப் போகாதீர்கள். உங்களுக்கு அவன் குழந்தைதான். உள்ளே இருக்கும் மற்றப் பெண்ணுக்கு அவன் விபரம் தெரிந்த சிறுவன். அவளுக்கும் ஹக் இருக்கிறது.

சகோதரர்களே, நம் மீதும் கடமை இருக்கிறது. ஓர் ஆண் இன்னோர் ஆணின் அவ்ரத்தைப் பார்ப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆனால் "எல்லாரும் ஆம்பளைங்கதானே" என்று துண்டைக்கூட கட்டாமல் நிற்கிறோம். அங்கே ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது, தவறு அழைத்து வந்த அத்தாவிடமா, நம்மிடமா? தொப்புளிலிருந்து முழங்கால்வரை நாம் மறைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: "உன் உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம். யாராவது தப்பாகத் தொட்டால், பார்த்தால், உடனே எங்களிடம் சொல். உன்னைத் திட்டமாட்டோம்." அப்படி ஏதேனும் நடந்துவிட்டால் மானம் போகும் என்று மூடி மறைக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. 1098 என்ற எண் இருக்கிறது. மறைப்பது வெட்கம் அல்ல, அநீதி.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் பார்வையையும் உடலையும் உள்ளத்தையும் பாதுகாப்பாயாக! அவர்களை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! ஆமீன்.