உம்மா சாப்பிட்டார்களா?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நம் வீட்டில் ஓர் உம்மா மறைந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? குர்ஆன் ஓதுகிறோம், ஏழைகளுக்குத் தர்மம் செய்கிறோம், துக்கம் கேட்க வந்தவர்களிடம், "எங்கள் உம்மாவைப் போல் யார் உண்டு?" என்று கண் கலங்குகிறோம். நல்லதுதான். ஆனால் அந்த உம்மா உயிரோடிருந்த நாளில், எல்லோரும் உண்டு எழுந்த பிறகு அவர் எதை உண்டார் என்று நம்மில் எத்தனை பேர் சட்டியைத் திறந்து பார்த்திருக்கிறோம்? இந்தக் கேள்வியை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, சிற்றூரில் வாழ்ந்து மறைந்த ஒரு தாயை இம்மாதம் நினைவுகூர்வோம்.

அந்த அம்மையாரின் பெயர் ஆஷியம்மா. ஊர் இராமேஸ்வரம். கணவர் ஜைனுலாபுதீன் படகு வைத்துப் பிழைத்தவர். பள்ளிவாசலில் இமாமாக நின்று தொழ வைத்தவர். அவர்களுடைய பல பிள்ளைகளுள் ஒருவராக 1931 அக்டோபர் 15ஆம் நாள் பிறந்தவர்தாம், 2002 முதல் 2007 வரை இந்நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். மகனை உலகம் அறியும். தாயை நாம் அறிவது அந்த மகன் எழுதியும் பேசியும் வைத்ததைக் கொண்டுதான். அவர் சொல்லாமல் விட்டிருந்தால், நம் தெருக்களில் வாழ்ந்து மறைந்த எத்தனையோ உம்மாமார்களைப் போல அவரும் அறியப்படாமலே போயிருப்பார்.

அது பெரிய கூட்டுக் குடும்பம். ஒரே நேரத்தில் மூன்று தொட்டில்கள் ஆடிய வீடு என்று கலாம் நினைவுகூர்ந்திருக்கிறார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உறவினர் அனைவருக்கும் ஒரே அடுப்பு. அது போதாதென்று, வெளியாரும் நாள்தோறும் வந்து உண்பார்கள். வீட்டாரைவிட அவர்களே எண்ணிக்கையில் மிகுதி என்பது மகன் தரும் சாட்சியம். அவர்கள் செல்வர்கள் அல்லர், உள்ளதைப் பங்கிட்டார்கள். அல்லாஹ்வின் மீதுள்ள நேசத்தால் ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளித்து, அதற்குப் பிரதிபலனோ நன்றியோ நாடாதவர்களைத் திருமறையின் 76ஆம் அத்தியாயம் புகழ்கிறது. அகப்பை பிடித்த கையாலும் அந்தப் புகழுக்கு உரியவராகலாம் என்பதை நம் சகோதரிகள் உணர வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். பண்டங்களுக்குப் பங்கீடு வந்துவிட்டது. கலாமுக்கு அப்போது வயது பத்து. விடியுமுன் நான்கு மணிக்கெல்லாம் தாயார் அவரை எழுப்பிக் குளிப்பாட்டிக் கணக்குப் பாடம் படிக்க அனுப்புவார். அங்கிருந்து திரும்பியதும் வாப்பாவோடு தொழுகை. பிறகு ஓதும் பள்ளி. அதன்பின் ஓடிப்போய், ஓடும் இரயிலிலிருந்து வீசப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி ஊருக்குள் விநியோகிக்க வேண்டும். இத்தனையும் முடிந்து பள்ளிக்கூடம். மின்சாரம் இல்லாத வீட்டில் இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணி வரைதான் விளக்கு எரியும். ஆனால் படிக்கிற பிள்ளை என்பதற்காகத் தாயார் மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்து, பதினொரு மணி வரை படிக்க அவருக்கென்று தனியாக ஒரு சிறு விளக்கைக் கொடுத்தார்.

அந்த நாளில் ஒருமுறை எல்லோரும் அமர்ந்து உண்ணும்போது, தாயார் சப்பாத்தியைப் போடப்போட மகன் உண்டுகொண்டே இருந்தார். உண்டு முடிந்த பிறகு மூத்த சகோதரர் அவரைத் தனியே அழைத்தார். உம்மா தம் பங்கு முழுவதையும் உனக்கே போட்டுவிட்டார்; இது கஷ்ட காலம்; பொறுப்புள்ள பிள்ளையாக இரு; உம்மாவைப் பட்டினி போடாதே என்று கண்டித்தார். சிறுவர் நடுங்கிப்போனார், ஓடிச்சென்று தாயைக் கட்டிக்கொண்டார்.

இந்தச் செய்தியைப் படிக்கும்போது நமக்கு ஒரு ஹதீது நினைவுக்கு வருகிறது. இரண்டு பெண் குழந்தைகளோடு வந்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மூன்று பேரீச்சம்பழங்களைக் கொடுத்தார்கள். அப்பெண் ஆளுக்கொன்று பிள்ளைகளுக்குத் தந்துவிட்டு, மூன்றாவதைத் தன் வாய்க்கு அருகே கொண்டுபோனார். பிள்ளைகள் அதையும் கேட்டன. உடனே அதனை இரண்டாகப் பிளந்து இருவருக்கும் கொடுத்துவிட்டார். இதைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், இச்செயலின் பொருட்டு அல்லாஹ் அப்பெண்ணுக்குச் சுவனத்தை உறுதியாக்கிவிட்டான் என்ற கருத்துப்பட அருளினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

பார்த்தீர்களா! நாம் அன்றாடம் கண்டும் காணாமலும் விடுகிற ஒரு செயலை அல்லாஹ் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறான்! தாய் வாயருகே கொண்டுபோன பழத்தை நாம் எத்தனை முறை கேட்டு வாங்கியிருக்கிறோம்! குழந்தை கேட்பது குற்றமன்று; அதற்குத் தெரியாது. ஆனால் மீசை முளைத்த பிறகும் தெரியாமலிருப்பது குற்றமே. "உம்மாவுக்குப் பசிக்காது", "உம்மாவுக்கு மீன் தலைதான் பிடிக்கும்" என்று நாமே ஒரு கதை கட்டிக்கொண்டு நிம்மதியாக உண்கிறோமே! அன்று அந்த மூத்த சகோதரர் செய்த உபதேசம் ஒரு ஜும்ஆப் பிரசங்கத்துக்குச் சமம். நம் வீடுகளிலும் இப்படிச் சொல்லித் தர ஓர் அண்ணன், ஒரு வாப்பா வேண்டும்.

அவ்வீட்டு மகளையும் நாம் மறக்கலாகாது. சென்னையில் பொறியியல் படிப்பில் சேரச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைக்கக் கொடுத்தார். தாய் ரொட்டியைக் கொடுத்தார். மகள் நகையைக் கொடுத்தார். பெண்களின் இந்தத் தியாகத்தைப் போற்றுகிற நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அந்தச் சிறு விளக்கு ஆண் பிள்ளைக்கு மட்டுந்தானா? நம் பெண் மக்கள் படிக்க ஆசைப்பட்டால் அவர்களுக்காக நாம் எதை அடகு வைக்கிறோம்? வாங்குவதற்கு ஆணும் கொடுப்பதற்குப் பெண்ணும் என்று மார்க்கம் நமக்குப் பங்கு பிரித்துத் தரவில்லை.

இனி, நெஞ்சை உலுக்கும் ஒரு செய்தி. 1976ஆம் ஆண்டில் ஜைனுலாபுதீன் அவர்கள் 102ஆம் வயதில் மறைந்தார்கள். ஊர் வந்த மகன் தாயின் அருகே நெடுநேரம் அமர்ந்திருந்தார். பேச நா எழவில்லை. தழுதழுத்த குரலில் தாய் துஆச் செய்து வழியனுப்ப, ராக்கெட் பணிக்காகத் தும்பாவுக்குத் திரும்பினார். அதன்பின் விரைவிலேயே தாயாரும் மறைந்துவிட்டார். என் வேலையைச் சற்று மறந்துவிட்டு உம்மாவின் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாதா என்று அந்த மகன் வருந்தித் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

உம்மாவைப் பற்றி இவ்வளவு உணர்ந்திருந்தவருக்கே இந்த ஏக்கம் என்றால், நம் கதி என்ன? அவர் வீண் வேலையில் இருக்கவில்லை. நாட்டுக்கான பணியில்தான் இருந்தார். ஆயினும் தாயின் இடத்தை எந்தப் பணியும் நிரப்பாது. போருக்குப் புறப்பட ஆலோசனை கேட்டு வந்த ஒரு தோழரிடம், உம் தாய் இருக்கிறாரா என்றுதான் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஆம் என்றதும், அவரைப் பற்றிக்கொண்டிரும், சுவனம் அவருடைய பாதங்களின் கீழ் இருக்கிறது என்ற கருத்துப்பட மொழிந்தார்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் சம்பாதிக்கிற பிள்ளைகளே! மாதந்தோறும் பணம் அனுப்புவது கடமை. அது மட்டுமே கடமை என்று எண்ணிவிடாதீர்கள். உம்மா சொன்னதையே திரும்பச் சொன்னாலும் தொலைபேசியை வைக்க அவசரப்படாதீர்கள். பெற்றோரை நோக்கிச் 'சீ' என்றுகூடச் சொல்லாதீர்கள் என்று திருமறை 17:23 தடுத்திருக்கிறது. நம் அவசரமும் ஒருவகைச் 'சீ'தான்.

தாயை இழந்துவிட்டவர்கள் மனமுடைய வேண்டியதில்லை. பெற்றோர் இறந்த பிறகு செய்யத்தக்க நன்மை ஏதும் உண்டா என்று ஒருவர் கேட்டபோது, அவர்களுக்காகத் துஆச் செய்வது, பிழைபொறுக்கத் தேடுவது, அவர்களுடைய வாக்குறுதிகளை நிறைவேற்றுவது, அவர்கள் வழி உறவைப் பேணுவது, அவர்களுடைய நண்பர்களைக் கண்ணியப்படுத்துவது ஆகியவற்றை நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். இது அபூதாவூதில் வந்துள்ளது. ஆகவே உம்மாவின் கடனை அடையுங்கள். உம்மாவின் சொத்தில் சகோதரிகளுக்குரிய பாகத்தை மறுக்காமல் கொடுங்கள். சிறுபிராயத்தில் நம்மை அவர்கள் வளர்த்தது போல அவர்களுக்கு நீ கிருபை செய்வாயாக என்று கேட்குமாறு 17:24இல் இறைவனே கற்றுத் தந்த துஆவை ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் ஓதுங்கள்.

தாய் இருக்கப் பெற்றவர்களே! இன்றிரவு ஒன்று செய்யுங்கள். சோற்றில் கை வைக்குமுன், "உம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். "ஆச்சு" என்று அவர் சொல்வார். அதை நம்பிவிடாமல் எழுந்து போய்ச் சட்டியைப் பாருங்கள்.

1931இல் இராமேஸ்வரத்தில் பிறந்த அம்மகன், 2015 ஜூலை 27ஆம் நாள் மறைந்து, அதே தீவின் மண்ணில் அடக்கமானார். தாயும் மகனும் அல்லாஹ்வின் சமூகம் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கும், தங்கள் பங்கை நமக்கு ஊட்டிவிட்டுப் பசித்து உறங்கிய நம் தாய்மார்கள் அனைவருக்கும் வல்ல நாயன் மஃபிரத் அருள்வானாக! உயிரோடிருப்பவர்களின் பொருத்தத்தைப் பெற நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.