சேர்க்கையும் உடன்பாடும்

ஒருவன் யாரோடு பேசினான் என்பது கொண்டு அவன் யாது செய்தான் என்று துணிதல் தகுமோ என்னும் வினா, இஞ்ஞான்று பலர் உயிரைப் பொறுத்ததாயிற்று. பயங்கரவாதத்தை அடக்கப் புகுந்த அரசுகள் தொலைபேசித் தொடர்பு, பணப் பரிமாற்றம், பயணம் முதலியவற்றின் பதிவுகளைத் திரட்டிக் கணினியிலிட்டு, ஆட்களைப் புள்ளிகளாகவும் தொடர்புகளைக் கோடுகளாகவும் அமைத்து வலைப்படம் வரைகின்றன. கோடுகள் மிக்க புள்ளி தலைவனெனக் கருதப்படுவதும் உண்டு. இந்தியாவிலும் 2008-ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலுக்குப் பின்னர், பல துறைகளின் பதிவுகளை இணைக்கும் 'நேட்கிரிட்' என்னும் அமைப்பு தோன்றிற்று.

இதனை அளவை நூன்முறையான் ஆராய்வாம். "இவன் பகைவனைச் சார்ந்தவன், அவனோடு பலகாற் பேசினமையான்" என்பது இதன்கண் உள்ள அனுமானம். ஏதுவானது பக்கத்தில் உளதாதல் மட்டும் அமையாது. விபக்கத்தில் இலதாதலும் வேண்டும். சிறுமலையில் வாழை பயிரிடுவார் ஒருவர், திண்டுக்கல் தரகரோடும் லாரிக்காரரோடும் நாடோறும் பேசுவர். அத்தரகர் கரவாகத் தீத்தொழில் புரிவாராயின், பயிரிட்டாரும், தரகருக்கு மருந்து கொடுத்த வைத்தியரும், பால் ஊற்றுவாரும் ஒருங்கே அவ்வலையில் அகப்படுவர். குற்றமுடையாரிடத்தும் இல்லாரிடத்தும் ஒப்பச் செல்லும் அவ்வேது அநைகாந்திகம் என்னும் போலியேயாம்.

இத்தகைய போலி கொலையாய் முடிதலும் உண்டு. 2010 செப்டம்பர் 2-ஆம் நாள் ஆப்கானிஸ்தானத்துத் தகார் மாகாணத்தில், தேர்தற் பிரசாரத்திற்குச் சென்ற வண்டிகளை அமெரிக்கப் படையினர் வானினின்று தாக்கி, தாலிபான் தலைவருள் ஒருவரான முகம்மது அமீனைக் கொன்றதாகக் கூறினர். இறந்தவர் சபேத் அமானுல்லா என்னும் வேறொருவர் என்றும், தொலைபேசித் தொடர்பு பற்றிய கருத்தே இருவரை ஒருவராக்கிற்று என்றும், அமீன் உயிரோடிருந்தார் என்றும் கேட் கிளார்க் என்னும் ஆராய்ச்சியாளர் 2011-இல் எடுத்துக் காட்டினார். படையினரோ தம் கூற்றை விட்டிலர்.

ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டு முதற் கூடுதல் நெறிமுறை, ஐயமுற்றவழி ஒருவரைப் பொதுமக்களுள் வைத்தே எண்ணுக என விதிக்கின்றது. இந்தியாவும் அமெரிக்காவும் அதனை உறுதி செய்தில. ஆயினும் அதனோடொத்த நியாயம் நம் நீதிமன்றத்தே விளங்கிற்று. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில், தடா நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 மே 11-இல் உச்சநீதிமன்றம் அவருள் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்தினின்று விடுவித்தது. சதியாளரோடு பழகினமையும், சதியை அறிந்தமையுங்கூடப் போதா. உடன்பாடு வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

அற்றேல், உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் சித்தாந்தமாகலின், சேர்க்கையே குற்றத்தைக் காட்டாதோ எனின், காட்டாது. சார்தலாவது அறிவும் இச்சையும் ஒன்றிப் பற்றுதல், அருகிருத்தல் அன்று. படிகம் அருகிருந்த நிறத்தைக் காட்டுமே எனின், படிகம் சடம். ஈண்டு அஃது ஒருபுடை உவமமேயாம். உயிரின் இச்சையை உள்நின்று அறிபவன் முற்றறிவுடைய இறைவன் ஒருவனே. கோடுகளை எண்ணுவார் சிற்றறிவினர்.

குண்டு வெடிக்குந்துணையும் வாளாவிருத்தல் ஆகுமோ எனின், வலைப்படத்தை விலக்குக என்று யாம் கூறிற்றிலேம். ஐயம் ஆராய்ச்சிக்கு வாயில். ஆராய்ச்சியின் முடிபு அன்று. யாரை வினவுதும் என்பதற்கு அப்படம் உதவுக; யாரைக் கொல்லுதும் என்பதற்கு உதவற்க. பிழைபட வினவப்பட்டான் தன் மனைக்கு மீள்வன். பிழைபடக் கொல்லப்பட்டான் மீளான். ஆதலின் ஒவ்வொருவர் மாட்டும் செயலேனும் உடன்பாடேனும் வேறு பிரமாணத்தான் நிறுவப்பட்ட பின்னரே தண்டஞ்செய்தல் முறையாம் என்க.