குளிரில் பக்குவப்படும் விதை

குதிரில் கிடக்கும் விதைக்கு முளைக்கும் ஆற்றல் உண்டா என்பது பௌத்தரும், நியாய நெறியினரான நையாயிகரும் பல நூற்றாண்டுகள் வாதிட்ட வினாவாகும். ஆற்றல் இருப்பின் அது குதிரிலேயே முளைத்திருக்க வேண்டும் என்ற பௌத்தர், குதிரில் உள்ள விதை வேறு, வயலில் முளைக்கும் விதை வேறு எனக் கூறி, பொருள் கணந்தோறும் அழிந்து புதிதாகத் தோன்றுகிறது என்னும் கணபங்கக் கொள்கையை நிறுவினர். நையாயிகரோ, விதை ஒன்றே என்றும், மண், நீர் முதலிய துணைக்காரணங்கள் கூடும்வரை அதன் செயல் தாழ்க்கிறது என்றும் மறுத்தனர்; உதயணரின் ஆத்மதத்வவிவேகம் இம்மறுப்பை விரிவாகச் செய்யும் நூல்.

குதிர் விதையின் இடத்தில் ஆப்பிள் விதையை வைத்தால் இவ்வழக்கு மேலும் நுட்பமாகிறது. பழத்திலிருந்து எடுத்த ஆப்பிள் விதையை இளவெப்பமான ஈரமண்ணில் ஊன்றினால், வேண்டிய துணைகள் யாவும் கூடியிருந்தும் அது பெரும்பாலும் முளைப்பதில்லை. ஈரமணலில் பொதிந்து, ஏறத்தாழ 4 பாகை செல்சியசில் 2 முதல் 3 மாதங்கள் வைத்து எடுத்து ஊன்றினால் முளைக்கிறது; ஈரக்குளிர் விதைநேர்த்தி எனப்படுவது இதுவே. உலர்ந்த விதையை அதே குளிரில் வைத்துப் பயனில்லை. நீரை உறிஞ்சிய திசுவில்தான், முளைப்பை அடக்கும் அப்சிசிக் அமிலத்தின் பிடி தளர்ந்து, முளைப்பைத் தூண்டும் ஜிப்பெரலினுக்கு விதை இணங்குகிறது.

தடை முழுவதும் விதையுறையில் இருப்பதாகவும் கொள்ள இயலாது. குளிர் காணாத பீச் விதையின் உறையை நீக்கிக் கருவை மட்டும் எடுத்து வளர்த்தால் செடி எழுகிறது, ஆயினும் கணுவிடைகள் நீளாமல், இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நெருங்கி, குட்டையாக நின்றுவிடுகிறது. குளிர் கண்ட விதையும் காணாத விதையும் ஒரே மண்ணில் அருகருகே கிடக்க, ஒன்று மட்டும் முளைப்பதால், வேறுபாடு விதையின் உள்ளேயே நிகழ்ந்துள்ளது என்பது தெளிவு. துணைக்காரணம் விதையில் ஏதேனும் ஒரு மிகுதியை உண்டாக்குகிறதா என்று பௌத்தர் கேட்ட கேள்வி இங்கே முழு வலிமை பெறுகிறது. எனினும் அம்மாற்றம் கணத்தில் நிகழாமல், தொடர்ந்து நிலைக்கும் ஒன்றினுள் மாதக்கணக்கில் சேர்வதால், அவர்தம் முடிபையும் அப்படியே ஏற்பதற்கில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே சைவ சித்தாந்தம் தரும் பரிபாகம், அதாவது பக்குவப்படுதல், என்னும் கருத்தே பொருத்தமானது. உயிரின் அறிவை மூடும் ஆணவமலத்தின் மறைக்கும் ஆற்றல் மெலியத் தகுதி பெறுவது மலபரிபாகம். அதற்காக இறைவன் உயிரிலிருந்து மறைந்து நின்று செய்யும் தொழில் திரோதானம். மறைத்தலையும் அருளாகவே எண்ணிய சித்தாந்திகளின் துணிவு, முளைப்பை நிறுத்தி வைக்கும் குளிரே முளைக்கும் தகுதியையும் விளைவிப்பதைக் காணும்போது நன்கு விளங்குகிறது.

ஆனால் குளிரைத் துன்பத்துக்கு உவமையாக்கி, துன்பம் யாவும் பக்குவப்படுத்தும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பிழை, கொடுமையும்கூட. ஆப்பிளைப் பதப்படுத்தும் அதே ஈரக்குளிர் மாங்கொட்டையின் உயிரைப் போக்கிவிடும். சத்திநிபாதம், அதாவது அருள் பதிதல், மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும் என்று நூல்கள் வகுத்தது, உயிர்தோறும் பக்குவம் வேறு என்பதை உணர்ந்தே ஆகும்.