ஆமைக்கு இடும் இறாலும் கொல்லாமையும்

திருப்பதி மாவட்டம் 2022 ஏப்ரலில் பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டப் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டபோது, புலாலுக்கு முற்றிலும் இடமில்லாத திருமலையும் மீனுக்கும் இறாலுக்கும் பேர்போன பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரையும் ஒரே எல்லைக்குள் வந்தன. கிருஷ்ணதேவராயர் தம் தாயின் பெயரால் அமைத்ததாகக் கூறப்படும் நாகலாபுரத்தில், திருமால் மச்சாவதாரக் கோலத்தில் வேதநாராயணராக வழிபடப்படுவதும் அவ்வெல்லைக்குள்ளேயே. இத்தகைய நிலப்பகுதியில், புலால் உண்ணாத குடும்பம் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் மீனுக்கும் நீராமைக்கும் உலர்ந்த இறாலை இடலாமா என்பது வெறும் தீனிக் கணக்கன்று, அறத்தின் வினா.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால், அதாவது அவை பெற்றுள்ள புலன்களின் எண்ணிக்கையால், பகுக்கும்போது நண்டை நாலறிவுயிராக வைக்கிறது. நண்டின் இனமாகிய இறாலையும் அவ்வரிசையில் சேர்ப்பதே பொருந்தும். ஐயறிவுயிருக்காக நாலறிவுயிரைக் கொல்லலாம் என்று இதிலிருந்து வாதிடுவது பிழை; ஏனெனில் அப்பகுப்பு உயிர்களை இனங்காட்டுகிறதேயன்றி, ஒன்றை மற்றொன்றின் உணவாக ஒதுக்கவில்லை. எண்ணிக்கையைப் பார்த்தாலோ, ஒரு பிடி சென்னாக்குனியில், அதாவது மிகச் சிறிய இறாலை வெயிலில் உலர்த்திய கருவாட்டில், எத்தனையோ உயிர்கள் அடங்கிவிடுகின்றன.

திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், தின்பதற்காகக் கொள்வார் இல்லையேல் விற்பாரும் இல்லை என்று வாதிடுகிறது. மனுதரும சாத்திரமோ இசைபவன், அறுப்பவன், கொல்பவன், வாங்குபவன், விற்பவன், சமைப்பவன், பரிமாறுபவன், உண்பவன் ஆகிய எண்மரையும் கொலையாளிகளாக எண்ணுகிறது. தொட்டியருகே இந்த வரிசை விந்தையாகக் குலைகிறது: உண்ணும் ஆமைக்கு நன்மை தீமை தேரும் பொறுப்பில்லை, பொறுப்புள்ள மனிதரோ உண்பதில்லை. ஆயினும் வாங்குபவர், பரிமாறுபவர் என்னும் இரண்டு இடங்களிலும் அவரே நிற்பதால், தாம் உண்ணவில்லை என்னும் விடை அவருக்குப் போதாது.

வடலூரில் 1867இல் தருமச்சாலை நிறுவிப் பசியாற்றுதலைத் தலையாய அறமாகக் கொண்ட இராமலிங்க அடிகள், ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிரின் பசியாற்றுவதைச் சீவகாருணியமாக, அதாவது உயிரிரக்க ஒழுக்கமாக, ஏற்கவில்லை. மறுபக்கத்தில் சிபி மன்னனின் கதை நிற்கிறது. அடைக்கலம் புகுந்த புறா தன் இயற்கை உணவு என்ற பருந்தின் முறையீட்டை அவன் பொய்யென்று தள்ளவில்லை. ஊனுண்ணியின் பசியும் பசியே என்று ஒப்புக்கொண்டு, ஈடாகத் தன் தசையையே அரிந்து கொடுத்தான். தொட்டி வைத்திருப்போர் எவரும் அந்த வழியில் செல்லப்போவதில்லை என்பது வேறு.

இந்த வழக்கில் நூல்களைவிட ஆமையின் உடலே தெளிவான சான்று தருகிறது. கண்ணுக்குப் பின்னே சிவந்த பட்டையுடையதும் வீடுகளில் பரவலாக வளர்க்கப்படுவதுமாகிய அமெரிக்கச் செங்காது ஆமை, இளமையில் ஊனை மிகுதியாக நாடி, வளர வளர நீர்ச்செடிக்கும் கீரைக்கும் திரும்புகிறது. உலர்ந்த இறாலையே உண்டு வளரும் ஆமைக்கு உயிர்ச்சத்து ஏ குறைந்து கண்ணிமை வீங்குவதும் உண்டு. சமையலுக்கென விற்கும் கருவாட்டில் உப்பும் சேர்ந்திருக்கக்கூடும். ஆகவே உலர் இறால் பசிக்கு வேண்டிய உணவன்று, எப்போதேனும் இடும் தின்பண்டமே. அதைக் கண்டு ஆமை கழுத்தை நீட்டி நீந்தி வருவதில் மகிழ்ச்சி பெரும்பாலும் பார்ப்பவருக்குத்தான். கடையில் கிடைக்கும் உருண்டைத் தீனியிலும் பெரும்பாலும் மீன்தூள் கலந்திருப்பதால், அதுவும் கொலைக்கு முற்றிலும் புறம்பானதன்று. எனினும் அடைத்து வைத்த உயிருக்கு உணவிடுவது வளர்ப்பவரின் கடனாதலால் அதற்கு ஓரளவு சமாதானம் உண்டு. பொழுதுபோக்குக்கான இறாலுக்கு அதுவும் இல்லை. கொல்லாமையை நோன்பாகக் கொண்ட வீடு இந்தக் கணக்கைத் தொட்டி வாங்குமுன்பே பார்த்திருக்க வேண்டும். நம் குளங்களில் வாழும் பாலாமையைப் பொறுத்தவரை இவ்வினா எழுவதேயில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதே குற்றம்.